எழுத்தில்லாத புத்தகம்

"ஒண்ணே ஒண்ணு குடுப்பா ரஸ்ஸல். படக்கதையே பார்த்துப் பழகாத ஆளுக்கு. எடுத்ததும் மனசுல நிக்கணும்."

கேட்டது மார்லீன். முப்பது வருடமாகப் புதன்கிழமை தவறாமல் காமிக்ஸ் வாங்க வரும் வெர்னனின் மனைவி. ஒருநாள்கூடக் கடைப்படி ஏறியதில்லை. 'இந்த வயசுல பொம்மைப் புத்தகம் ஒரு கேடா' என்று காரிலேயே உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிறவர்.

இன்று மார்லீன் உள்ளே, வெர்னன் காரில்.

நான்கு மாதமாக வெர்னன் தலையே காட்டவில்லை. அவர் பெயர் எழுதிய பெட்டியில், வாராவாரம் எடுத்துவைத்த புது இதழ்கள் பிதுங்கிக்கொண்டிருந்தன. வேறு கடைக்குத் தாவிவிட்டார் என்றே கடைக்காரர் ரஸ்ஸல் நினைத்தார். ஆனாலும் மனசு கேட்காமல் கண்ணாடி வழியே கையசைத்தார்.

வெர்னன் நேரே பார்த்தபடி அசையாமல் இருந்தார். ராங்கிக்காரன்.

"யாருக்குப் புத்தகம்?"

"எனக்குத்தான். இனிமே நானும் பார்க்கணும்."

அலமாரி ஓரத்தில் புது இதழ் மேய்ந்துகொண்டிருந்த பழைய வாடிக்கையாளர் கர்ட் சிரித்தார். "இவன்கிட்ட ஒண்ணு கேட்டா ஒம்பது தருவான். மூட்டை தூக்க ஆள் கூட்டிட்டு வந்தியாம்மா?"

ரஸ்ஸல் சிரிக்கவில்லை. முதல் புத்தகம் பிடிக்காவிட்டால் புது ஆள் இரண்டாவதைத் தொடமாட்டார். அப்படி எத்தனையோ பேரைத் தொலைத்திருக்கிறார். முப்பது வருடம் கழித்துப் படியேறிய மார்லீனைத் தொலைக்க அவருக்கு மனமில்லை.

விலை குறைந்துவிடும் என்று பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே விடாதவர், தன் சொந்தப் பிரதியை உறையிலிருந்து உருவினார்.

"பஸ் டிரைவர் ஒருத்தரோட கடைசி நாள் வேலை. அவ்வளவுதான் கதை. மொத்தத்துல ஒரு எழுத்துகூடக் கிடையாது. அங்கதான் நிக்கிறான் படம் வரைஞ்ச ஆளு!"

மார்லீனின் முகம் விழுந்துவிட்டது.

"எழுத்தே இல்லையா?"

இரண்டு பக்கம் புரட்டினார். உதடுகள் ஏனோ முணுமுணுத்தன. "சரி, சமாளிச்சுக்கிறேன்" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சொதப்பிவிட்டோம் என்று ரஸ்ஸலுக்குப் புரிந்தது. எங்கே என்றுதான் புரியவில்லை. வெர்னனை நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பனியில் இறங்கினார்.

கார்க் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் மார்லீன், மடியில் விரித்த புத்தகம்.

"பஸ் காலியா இருக்கு. டிரைவர் தொப்பியைக் கழட்டுறாரு. அடுத்து..."

"பறக்காதே. அடுத்த கட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லு. வெளிச்சம் எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். சாயங்கால வெயில். அட, கடைசி சீட்டுக்கு அடியில ஒரு கையுறை கிடக்குதுங்க. சின்னக் குழந்தையோடது."

வெர்னனின் முழங்கால்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கைத்தடி இருந்தது.

ரஸ்ஸல் ஓரடி நெருங்கினார். பனி நொறுங்கிய சத்தத்தில் வெர்னன் தலையைத் திருப்பினார்.

"ரஸ்ஸலா? நல்லா இருப்படா. இந்தப் புத்தகம் எங்கிட்டயும் இருக்கு. இருபது தடவையாவது பார்த்திருப்பேன்."

கைநீட்டி, தாளைத் தடவினார்.

"அந்தக் கையுறையை இன்னிக்குத்தான் பார்த்தேன்."