வெறுங்கண் மாப்பிள்ளை

பெண் பார்க்கப் புதுக்குடியிருப்புக்கு வந்த இடத்தில், மாப்பிள்ளை திருச்செல்வத்தின் தாய் தேத்தண்ணி வருமுன்னமே தொடங்கிவிட்டார்.

“எங்கட பரம்பரையில எண்பது வயதிலயும் ஊசியில நூல் கோர்ப்பினம். கண்ணாடி போட்ட ஆள் ஒண்டும் இல்லை.”

“எங்களுக்கும் கண்ணாடிக்காரர் சரிவராது,” என்றார் பெண்ணின் தாய், வலு சந்தோசமாக.

கண்ணாடிக்குப் பதிலாகத் திருச்செல்வம் கொழும்பில் இரகசியமாக வாங்கிக் கண்ணுக்குள் வைத்திருந்த லென்ஸில் ரோட்டுப் புழுதி புகுந்து அறுத்தது. தெரிந்தால் சம்பந்தம் போச்சு. முகம் கழுவும் சாட்டில் கிணற்றடிக்குப் போய், லென்ஸைக் கழற்றி வாய்க்குள் போட்டு அலசினான்.

பின்னால் முகம் துடைக்கத் துவாயோடு பெண் விமலேஸ்வரி நின்றாள்.

“துப்புங்கோ,” என்றாள்.

“ம்?” என்றான், வாயைத் திறக்காமல்.

“லென்ஸைத் துப்புங்கோ. எச்சில் பட்டதை வைச்சால் கண் பழுதாப்போகும். கிணத்துத் தண்ணியும் கூடாது. முதல்ல சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கோ.”

உள்ளங்கையில் துப்பினான். “வீட்டில சொல்லப்போறீரோ?”

“எப்பிடிச் சொல்லுறது?” அவள் குரலைத் தாழ்த்தினாள். “லென்ஸ் கழுவுற மருந்துத் தண்ணி என்ர அலுமாரியில, சீலையளுக்குக் கீழ கிடக்கு. எடுத்துக்கொண்டு வாறன். நீங்களும் உங்கட அம்மாவுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ.”