வண்டிக்குள் இருந்த தண்ணீர்த் தொட்டி

படுக்கை, அடுப்பு, குழாய் எல்லாம் உள்ளேயே அமைந்த ஒரு சுற்றுலா வண்டி, கோடை முழுக்க வெயிலில் நின்றது. மறுபடி பயணம் கிளம்பிய அன்று அதன் தண்ணீர்த் தொட்டி பெருமையாகச் சொன்னது: "கழுத்துவரைக்கும் நிறைஞ்சிருக்கேன். இனி யாருக்கும் தாகம்னு ஒண்ணு இருக்காது."

குழாய் தயங்கியது. "அண்ணே, தண்ணியில ஏதோ வாடை வருது. பழசாயிருச்சுபோல."

"கண்ணாடி மாதிரி தெளிஞ்சிருக்கு. நீ திறக்கிற வேலையை மட்டும் பாரு."

வழியில், வண்டியில் பயணம் வந்த ஸ்டெல்லா தன் மகளுக்காகக் குழாயடியில் டம்ளரைப் பிடித்தாள். அழுக்கைத் துப்பினால், கெட்டுப்போன குழாய் என்று தன்னைக் கழற்றி எறிந்துவிடுவாளோ என்று குழாய்க்குப் பயம். ஆனாலும் தொண்டையில் ஒட்டியிருந்த பாசியை இருமி டம்ளரில் துப்பியது.

"என்ன குழாய் இது!" என்று ஸ்டெல்லா சலித்துக்கொண்டாள். பிறகு சந்தேகம் வந்து, தொட்டியைத் திறந்து முகர்ந்தாள். முகம் சுருங்கிப்போனது. உடனே வண்டியை நிறுத்தச் சொல்லி எல்லாத் தண்ணீரையும் கொட்டினாள். குளோரின் மருந்து போட்டுத் தொட்டியை அலசி, புதுத் தண்ணீர் பிடித்தாள்.

பிறகு தொட்டி மெல்லக் கேட்டது: "தம்பி, இப்ப எப்படி இருக்கு?"

"மருந்து வாடை இன்னும் போகலைண்ணே. மறுபடியும் உங்களைக் காலி பண்ணணும்."

"அப்படின்னா அவங்களுக்குக் கேக்கிற மாதிரி இருமு," என்றது தொட்டி.