அடுத்த பாடம்

இருட்டியதும் கதவை ஏதோ பிறாண்டும் சத்தம் கேட்டது. தாய் எலி தன் குட்டியை இழுத்து அணைத்துக்கொண்டது.

இரண்டும் கப்பல் மூட்டையில் ஒளிந்து, ஸ்பானிஷ் பேசும் ஊருக்கு வந்தவை. பிழைக்க வேண்டுமே என்று தாய் ஒரு கூண்டுக்கிளியிடம் ஸ்பானிஷ் படித்து வந்தது.

"புவேனாஸ் நோச்சேஸ், செஞ்ஞோரா," என்றது வெளியே ஒரு குரல்.

"இரவு வணக்கம், அம்மணின்னு சொல்றாங்கடி. என்ன மரியாதை பாரு!"

"யாருன்னு கேளும்மா."

"அது அடுத்த பாடம். கிளி டீச்சர் இன்னும் சொல்லித் தரலை."

"அப்போ போகச் சொல்லு."

"அதுவும் வரலைடி."

"பேசாம இரும்மா."

"வணக்கம் சொன்னவங்களுக்குப் பதில் சொல்லாம இருக்கலாமா? நம்மளை என்ன நினைப்பாங்க?"

மறுபடி பிறாண்டல். தாய் குட்டியைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளியது. ஆனாலும், கதவைத் தட்டுகிறவர்களுக்குச் சொல்லக் கிளி பழக்கியிருந்த ஒரே சொல்லை உச்சரிப்புப் பிசகாமல் சொன்னது.

"அதெலாந்தே." உள்ளே வாருங்கள் என்று அர்த்தம். சொல்லிவிட்டுக் கதவையும் திறந்தது.

"கிராசியாஸ்," என்று நன்றி சொல்லியபடி பூனை நுழைந்தது.

நன்றி சொன்னவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதும் தாய்க்குத் தெரியும். அதைச் சொல்லி முடிப்பதற்குள், பூனை திரும்பிக் கதவை உள்ளிருந்து தாழிட்டது.