எழுபத்தாறு கிலோ

"அசையாம நில்லு. மூச்சையும் விடாத," என்றான் றம்ஸி.

நுஸ்ரா மூச்சை விடவில்லை. மிளகு மூட்டை நிறுக்கும் தராசின் மேல், செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு அலுவிகாரையில் தோட்டக்காரர்களிடம் மிளகு வாங்கும் அவர்களது கடைக்கு யாரும் வரமாட்டார்கள். புருசன் அவளை நிறுத்துப் பார்ப்பது அந்த நேரத்தில்தான்.

"எழுபத்தாறு," என்றான் கொஞ்சம் தாமதித்து.

கண்ணைத் திறந்து பார்த்தாள். சிவப்பு இலக்கம் எழுபத்தாறு என்றுதான் எரிந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வராமல் என்ன செய்யும்? கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், மடியில் ஒரு பிள்ளை இல்லை. எண்பத்துநான்கு கிலோவில் இருந்து எழுபத்தாறுக்கு இறங்கினால்தான் பிள்ளைக்கான சிகிச்சையைத் தொடங்கலாம், அதுவும் நாற்பது வயதுக்குள் என்று மாத்தளை டவுன் டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். நாற்பதுக்கு இன்னும் ஒரே மாதம் இருந்தது.

டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஊரில் எல்லோரும் டாக்டராகிவிட்டார்கள். முட்டைக்கோவா சூப் குடித்தால் கொழுப்பு கரையும் என்றாள் ஒருத்தி. வெள்ளரிக்காயைச் செரிக்க வைக்கவே உடம்பு இருக்கிற கொழுப்பை எரித்துவிடும் என்று பக்கத்து வீட்டு ஜஸ்லா போனில் வீடியோ காட்டினாள். நுஸ்ரா சோற்றைக் கைவிட்டாள். மாடு மாதிரி வல்லாரையும் வெள்ளரிக்காயும் மென்றாள். முதல் ஒன்றரை மாதத்தில் ஒரே ஒரு கிலோ குறைந்தது. அதற்குள் மிளகுப் பருவம் தொடங்கிவிட, நான்கு வாரமாக வெள்ளிக்கிழமைகூடத் தராசுக்கு ஓய்வில்லை. இன்றைக்குத்தான் மறுபடி ஏறினாள். ஏழு கிலோ ஒரேயடியாகப் போயிருந்தது.

றம்ஸி உடனே மூட்டை அடுக்கப் போய்விட்டான். இந்த ஆம்பிளைகளுக்குச் சந்தோசத்தைக் காட்டத் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள்.

செய்தி கேட்டு ஓடிவந்த ஜஸ்லாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவளும் அதே வெள்ளரிக்காயைத்தான் தின்கிறாள், பார்மசியில் நிறுத்தால் அரைக் கிலோகூட இறங்கவில்லையாம். களவாக ரோல்ஸ் தின்றால் எப்படி இறங்கும் என்று நுஸ்ரா அவளைக் கிண்டல் செய்து அனுப்பினாள்.

பின்னேரம் உக்குவளையில் இருந்து அவளுடைய வாப்பா கலந்தர் ஒரு மூட்டை மிளகோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். றம்ஸி நிறுத்தான். கிழவர் தாடியைச் சொறிந்தார்.

"நாப்பத்தி நாலா? நான் வீட்டுல நிறுத்தேனே மகன், நாப்பத்தெட்டு ஈந்திச்சே."

மருமகன் வாய் திறக்குமுன் மகள் முந்திக்கொண்டாள். "உங்கட தராசு துருப்பிடிச்சுக் கெடக்குது வாப்பா. அதத் தூக்கி வீசுங்க. எங்கட தராசு பொய் சொல்லாது. என்னையே இதுலதான் நிறுக்கிறாரு."

மகள் சொன்னால் மறுபேச்சு இல்லை. கலந்தர் நாற்பத்துநான்கு கிலோவுக்கான காசை வாங்கிக்கொண்டு, அவளுக்காக துஆ செய்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை டாக்டரிடம் போக வேண்டும். ஏதோ வேலை, அடுத்த கிழமை போகலாம் என்று இழுத்தான் றம்ஸி. அவள் விட்டால்தானே! இருப்பதிலேயே நல்ல அபாயாவைப் போட்டுக்கொண்டாள். எத்தனை கிலோ இறங்கியும் அது தளரவில்லை. எப்போதும் தொளதொளவென்று இருக்கிற உடுப்பு எதைத்தான் காட்டும்?

அங்கே நிறை பார்க்கும் தாதி வாகினி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தராசைப் பார்த்து எழுதினாள்.

"எண்பத்தி மூண்டு."

நுஸ்ரா சிரித்தாள். கைப்பையை இறக்கி வைத்துவிட்டு மறுபடி ஏறினாள். எண்பத்துமூன்று. தராசை நகர்த்திப் போடச் சொல்லி மூன்றாம் முறையும் ஏறினாள். அப்போதும் எண்பத்துமூன்று. வெள்ளரிக்காய் தின்றே கொழுப்பைக் கரைத்ததாகச் சொன்னாள்.

"வெள்ளரிக்காயில கலோரி குறைவுதான் அக்கா. ஆனா அது கொழுப்பக் கரைக்காது. மற்ற நேரம் என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று வாகினி மெதுவாகக் கேட்டாள்.

கேழ்வரகு மாவில் அவித்த குரக்கன் பிட்டு நுஸ்ராவின் நினைவுக்கு வந்தது. குரக்கன்தானே என்று தேங்காய்ப் பால் ஊற்றி, இரவில் கோப்பை நிறையச் சாப்பிட்டிருக்கிறாள். ஆனாலும் ஏழு கிலோ ஏமாற்றுமா?

"உங்கட தராசு பிழை," என்றாள். "எழுபத்தாறு கிலோ நான். எங்கட வீட்டுக்காரர்ட்டக் கேளுங்க, கண்ணால பார்த்தவரு."

வாகினி றம்ஸியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்களேன் அவங்களுக்கு."

"இது சரியான தராசுதான் நுஸ்ரா," என்றான். "எங்கடதுதான்... பருவம் தொடங்கக்குள்ள நான் அதக் குறைச்சுக் காட்ட வெச்சேன். நீ சந்தோசப்பட்டதப் பார்த்து எனக்குச் சொல்ல வாய் வரல்ல."

நுஸ்ரா தராசை விட்டு இறங்கினாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ள அவளுக்கு வெகுநேரம் ஆனது. நாற்பதுக்குள் இனி ஏழு கிலோ இறங்காது, மடி இனி நிறையாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நிமிர்ந்தபோது அவள் கேட்டது அதைப் பற்றியல்ல.

"வாப்பாட மூட்டையையும் அதுலதானே நிறுத்தீங்க?"