தனிக் கோப்பை

எட்மண்டனில், மகள் தர்மிகா விரும்பிய நைஜீரியப் பையன் ஒபியின் வீட்டுக்குச் சம்பந்தம் பேசப் போயிருந்தாள் புனிதவதி. ஒபியின் தாய் எல்லோருக்கும் கறுத்த காய்கள் போட்ட காரச் சூப்பை வைத்தார். தர்மிகாவுக்கு மட்டும் குசினிக்குள்ளிருந்து தனிக் கோப்பை வந்தது.

புனிதவதிக்குச் சந்தேகம் வந்தது. செய்வினை மருந்து ஏதும் கலந்திருப்பாவோ? ஒருவரும் பார்க்காத நேரம் மகளின் கோப்பையைத் தன்னுடையதோடு மாற்றி வைத்தாள்.

தர்மிகா தலை நிமிராமல் குடிக்கத் தொடங்கினாள். அவள் கோப்பையில் கறுத்த காய்களைக் கண்ட ஒபியின் தாய் அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

"குடிக்காதே! பிள்ளை பெற்ற பிறகு வயிற்றைச் சுத்தமாக்கக் கொடுக்கிற காய் அது. பிள்ளைத்தாய்ச்சி தொடக்கூடாது என்றுதான் உனக்குத் தனியாகச் சமைத்தேன்!"

தர்மிகா அழுதாள்.

மகளின் முன்னிருந்த கோப்பையைப் பறித்தெடுத்து, புனிதவதி கேட்டாள்:

"எத்தினை வாய் குடிச்சனி, பிள்ளை?"