கீரை தின்ற புலி

பன்றிக்கறி என்றால் உயிரை விடும் புலி, உட்கார்ந்து கீரை தின்றுகொண்டிருந்தது. எதிரே வந்த பன்றிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடக்கூட மறந்து நின்றுவிட்டது.

"பயப்படாதே தம்பி. கொழுப்பையே தொடக்கூடாதுன்னு கரடி வைத்தியர் சொல்லிட்டார். இனிமே கீரைதான்" என்ற புலி, அடுத்த வாயைக் கஷாயம் போல விழுங்கியது.

பன்றிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்த நல்ல புத்தி நிலைக்க வேண்டுமே என்று பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"பழகிட்டா ருசிக்கும் அண்ணே. என்னைப் பாருங்க, பொறந்ததிலேருந்து கீரையும் கிழங்கும்தான். இந்த உடம்புல வேற ஒண்ணும் கிடையாது."

புலி மெல்லுவதை நிறுத்தியது. பன்றியை வாலிலிருந்து காதுவரை நிதானமாகப் பார்த்தது.

"அப்போ உன்னைத் தின்னாலும் கீரைக் கணக்குலதானே வரும், தம்பி?"

இந்த முறையும் பன்றிக்கு ஓட மறந்துவிட்டது.