கணவரின் கை

இஸ்திரிப் பெட்டியின் ஆவி ஜன்னல் வெயிலில் சுருண்டு போகிறது. அவள் மகளின் சட்டைக் காலரை அழுத்தித் தேய்க்கிறாள். அவளுடைய முதல் நாவலுக்கு வந்த மதிப்புரையைக் கணவர் நாற்காலியில் சாய்ந்து உரக்க வாசிக்கிறார். கல்லூரிப் பேராசிரியர், கணீரென்ற குரல். “இந்தத் தேர்ந்த நடையில் பேராசிரியரான கணவரின் கை தெரிகிறது.” வாசித்துவிட்டுச் சிரிக்கிறார். சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் எட்டிப் பார்க்கிறது. அவளுக்குக் காதுமடல் கொதிக்கிறது. குக்கர் விசிலுக்குக் காத்திருந்தபடி, சமையல் மேடையில் தாளை வைத்து, நின்றுகொண்டே எழுதிய நாவல் அது. அவர் இன்னும் பாதிகூடப் படிக்கவில்லை. “என்ன சிரிப்பு?” “பாராட்டித்தானேம்மா எழுதியிருக்கான்?” “யாரை?” அவர் பத்திரிகையை மடித்து வைக்கிறார். அவள் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைக்கிறாள். ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் கொண்டுவந்து அவர் மடியில் வைக்கிறாள். “‘இந்த நாவல்ல ஒரு வரிகூட நான் எழுதலை’ன்னு அந்தப் பத்திரிகைக்கு எழுதுங்க. கீழ கையெழுத்துப் போடுங்க.” அவர் பேனா மூடியைக் கழற்றுகிறார். தாளைப் பார்க்கிறார், கூரையைப் பார்க்கிறார். மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடக்கிறது. “எப்படிம்மா ஆரம்பிக்கிறது?” என்று மெதுவாகக் கேட்கிறார். அவள் இடுப்பில் கை வைத்து அவரையே பார்த்தபடி நிற்கிறாள். “ஏன், அதையும் நானே எழுதிக் கொடுக்கணுமா?”